பட்டறிவின் அளவுகோல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நூலறிவு பெரிது. நூலைத் திறந்து பார்க்க நேரமில்லாத வேளையில் கைகொடுப்பது பட்டறிவு. சமையலறை முதல் அணு உலை வரை, வயல்வெளி முதல் கணினி வரை, மனிதர் தம் அனுபவத்தைச் சிறுசிறு நெறிகளாகச் சுருக்கி வைத்துள்ளனர். அந்நெறிகள் எவ்வாறு பிறக்கின்றன, எங்கே பயன்படுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதைக் கல்பாக்கம் கடற்கரையை நடுவாகக் கொண்டு இப்பாடம் ஆராய்கிறது.

விரற்கடையும் ஆடிப்பட்டமும்

உலையில் அரிசி இட்டவர், அரிசிக்கு மேல் ஒரு விரற்கடை அளவு நீர் நிற்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார். அரிசியின் எடையையோ நீரின் கன அளவையோ அவர் கணக்கிடுவதில்லை. ஆயினும் சோறு பதமாக வெந்துவிடுகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியும் இத்தகையதே. எந்த மாதத்தில் விதைத்தால் அடுத்துவரும் மாதங்களின் மழையைப் பயிர் பெறும் என்பதைப் பல தலைமுறை உழவர்கள் கண்டறிந்து சில சொற்களில் அடக்கினர். துல்லியமான கணக்குக்குப் பதிலாக, விரைந்து முடிவெடுக்க உதவும் இத்தகைய சுருக்கங்களையே பட்டறிவு நெறிகள் என்கிறோம்.

ஒவ்வொரு பட்டறிவு நெறிக்கும் ஒரு காரணம் உண்டு; ஓர் எல்லையும் உண்டு. பழைய அரிசி மிகுதியான நீரைக் குடிக்கும்; புத்தரிசிக்கு அவ்வளவு நீர் வேண்டா. இதனை அறிந்தவர் அரிசிக்கு ஏற்ப விரற்கடை அளவைக் கூட்டியும் குறைத்தும் கொள்வார். அறியாதவர் அளவு மாறாமல் நீர் ஊற்றிவிட்டு, சோறு குழைந்ததற்கு அரிசியைக் குறைகூறுவார். நெறி ஒன்றுதான், அதன் எல்லையை அறிந்ததும் அறியாததுமே இருவரையும் வேறுபடுத்துகின்றன. சமையலில் இதனால் நேரும் இழப்பு ஒருவேளைச் சோறு. உயிரோடு தொடர்புடைய பணிகளில் இழப்பு அவ்வளவில் நிற்பதில்லை.

கல்பாக்கத்தின் மூன்று சொற்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே, டச்சுக்காரர் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் கல்பாக்கம். 1971ஆம் ஆண்டு இங்கு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அது 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983ஆம் ஆண்டிலும், இரண்டாம் உலை 1985ஆம் ஆண்டிலும் முதன்முதலாக இயங்கத் தொடங்கின.

கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது; மணமும் சுவையும் அற்றது. புலன்களால் உணர இயலாத ஒன்றிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள, உலகெங்கும் கதிர்வீச்சுப் பணியாளர்கள் மூன்று சொற்களை நினைவில் கொள்கின்றனர். அவை நேரம், தொலைவு, தடுப்பு என்பன.

நேரத்தைக் குறைத்தல் முதல் நெறி. கதிர்வீச்சு உள்ள இடத்தில் செலவிடும் நேரம் பாதியானால், உடல் பெறும் அளவும் பாதியாகும். ஆகவே, கடினமான பழுதுபார்ப்புப் பணியைக் கதிர்வீச்சு இல்லாத இடத்தில், மாதிரி அமைப்பில் பலமுறை ஒத்திகை பார்த்த பின்னரே பணியாளர் உள்ளே செல்வர்.

தொலைவைக் கூட்டுதல் இரண்டாம் நெறி. ஒரு மீட்டர் தொலைவில் நிற்பவர் இரண்டு மீட்டர் தொலைவுக்கு விலகினால், பெறும் அளவு பாதியாகாது, நான்கில் ஒன்றாகும். மூன்று மீட்டர் விலகினால் ஒன்பதில் ஒன்றாகும். இயற்பியல் இதனை எதிர்த்தகவு இருமடி விதி என்கிறது. நீண்ட இடுக்கியால் பொருளைக் கையாளுவதன் காரணம் இதுவே.

தடுப்பை இடையில் வைத்தல் மூன்றாம் நெறி. கதிரின் வகைக்கேற்பத் தடுப்பும் மாறும். ஆல்பாத் துகளுக்கு ஒரு தாளே போதும். காமாக் கதிருக்கு ஈயமோ தடித்த கற்காரைச் சுவரோ வேண்டும்.

இந்நெறிகளுக்கும் எல்லைகள் உண்டு. எதிர்த்தகவு இருமடி விதி, தொலைவோடு ஒப்பிட மிகச் சிறிதான மூலத்திற்கே பொருந்தும். பரந்த தரை முழுவதும் கதிரியக்கத் தூசு படிந்திருந்தால், ஓரடி விலகி நிற்பதால் பயன் இல்லை. தூசு மூச்சுவழி உடலுள் சென்றுவிட்டாலோ தொலைவு என்னும் சொல்லுக்கே பொருள் இல்லாமற்போகும். அதனால்தான் முகக்கவசமும் காப்புடையும் தேவைப்படுகின்றன. இந்நெறிகளுக்கு மேலாக எண்ணால் குறித்த வரம்பும் உண்டு. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் பெறத்தக்க அளவு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் அது 30 மில்லிசீவர்ட்டைக் கடத்தல் ஆகாது. பட்டறிவு நெறி பணியாளரின் கையை வழிநடத்துகிறது. அளவீடு அந்நெறி சரியாகப் பின்பற்றப்பட்டதா எனச் சோதிக்கிறது.

தெரிந்து தெளிவோம்

கதிரியக்கப் பொருளின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம் அரை ஆயுட்காலம் எனப்படும். ஏழு அரை ஆயுட்காலம் கடந்தால், தொடக்க அளவில் 128இல் ஒரு பங்கே, அதாவது ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே எஞ்சும் என்பது ஒரு கைக்கணக்கு. அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 8 நாள். எனவே ஏழு மடங்கு 56 நாள். சீசியம்-137இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 30 ஆண்டு. ஏழு மடங்கு 210 ஆண்டு. தொடக்க அளவு மிகப் பெரிதாயின், எஞ்சும் ஒரு விழுக்காடும் ஆபத்தானதாக இருக்கலாம்.

ஐயமெனில் நிறுத்துக

அணு உலையை வடிவமைப்போர் பின்பற்றும் முதன்மையான நெறி, கருவி பழுதானால் அப்பழுது பாதுகாப்பின் பக்கமே சாய வேண்டும் என்பதாகும். சென்னை அணுமின் நிலைய உலைகளில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிப்பது கனநீர். அக்கனநீர் வளிம அழுத்தத்தால் உலைக்கலனுள் தாங்கி நிறுத்தப்படுகிறது. ஆபத்தின் அறிகுறி தோன்றினால் வால்வுகள் திறக்கும், அழுத்தம் சமமாகும், கனநீர் தன் எடையாலேயே கீழுள்ள தொட்டிக்குள் இறங்கிவிடும். வேகம் தணிக்கக் கனநீர் இல்லாத நிலையில் தொடர்வினை நின்றுபோகும். கனநீரைக் கீழே இறக்க எந்திரத்தின் உதவி வேண்டியதில்லை; புவியீர்ப்பே போதும். புவியீர்ப்பு ஒருபோதும் மின்தடைக்கு ஆளாவதில்லை.

அடுத்த நெறி, 'மூன்றில் இரண்டு' என்பது. ஒரு கடையில் ஒரே தராசு இருந்தால், அது பிழையாக நிறுத்தாலும் தெரியாது. இரண்டு தராசுகள் மாறுபட்ட எடையைக் காட்டினால், பிழை இருப்பது தெரியும். எதில் என்பது தெரியாது. மூன்று இருந்தால், ஒத்துப்போகும் இரண்டை நம்பலாம். உலையின் வெப்பநிலை, அழுத்தம் போன்றவற்றை அளக்கும் உணரிகளும் இவ்வாறே மும்மூன்றாக வைக்கப்படுகின்றன. இரண்டு உணரிகள் ஆபத்தைக் காட்டினால் உலை நிற்கும். ஓர் உணரி பழுதாவதால் உலை வீணாக நிற்பதும் இல்லை. ஆபத்து அறியப்படாமற்போவதும் இல்லை. ஆயினும் மூன்றும் ஒரே காரணத்தால் ஒருங்கே பழுதானால் இந்நெறி உதவாது. ஆகவே அவற்றின் மின்வழங்கலையும் கம்பிவழிகளையும் தனித்தனியே பிரித்து அமைக்கின்றனர்.

உலையை நிறுத்துவதோடு பணி முடிவதில்லை. அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் சுடுவதுபோல, நிறுத்திய உலையிலும் வெப்பம் தொடர்ந்து வெளிப்படும். நிறுத்திய நொடியில் அது முழுத்திறன் வெப்பத்தில் 6 முதல் 7 விழுக்காடு வரை இருக்கும். பின்னர்ப் படிப்படியாகக் குறையும். எனவே 'ஐயமெனில் நிறுத்துக' என்னும் நெறியோடு, 'நிறுத்தியபின் குளிர்விக்க மறவாதே' என்னும் நெறியும் இணைந்தே நிற்கிறது.

2004, டிசம்பர் 26

இந்நெறிகள் யாவும் ஒரே காலையில் சோதனைக்கு உள்ளாயின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது.

அந்நேரத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை பராமரிப்புக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாம் உலை இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் இறைக்கும் நிலையத்துள் வெள்ளம் புகுந்தது. குளிர்விக்கும் நீரை இறைக்கும் இறைப்பிகள் நின்றன. இயக்குநர்கள் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர்; எஞ்சிய வெப்பத்தையும் நீக்கினர். கதிரியக்கக் கசிவு நேரவில்லை. அருகில் கட்டப்பட்டுவந்த முன்மாதிரி வேக ஈனுலையின் அடித்தளப் பள்ளம் கடல்நீரால் நிரம்பியது. இக்கரையில் ஆழிப்பேரலையை ஒருவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பாராத நிகழ்வையும் எதிர்கொள்ளும் வகையில் பாதுகாப்பு நெறிகள் பொதுமையாக இருந்ததால் உலை காக்கப்பட்டது.

கரையில் வாழ்ந்த மக்களுக்கோ அத்தகைய நெறி ஒன்றும் இல்லை. உலை காக்கப்பட்ட அதே காலையில் கல்பாக்கம் நகரியத்திலும் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலும் பலர் உயிரிழந்தனர். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். இக்கரை மக்கள் கடலை அறியாதவர்கள் அல்லர். கொண்டல், கோடை, தென்றல், வாடை எனக் காற்றின் திசையறிந்து பெயரிட்ட மரபினர் அவர்கள். மேகம் கறுத்தால், காற்று திரும்பினால், கடல் கொந்தளித்தால் படகை இறக்கக் கூடாது என்னும் நெறிகள் அவர்களிடம் நிறைய இருந்தன. அவை யாவும் புயலிலிருந்து பெற்ற நெறிகள். அன்றோ வானம் தெளிந்திருந்தது. காற்று அமைதியாக இருந்தது. மாமல்லபுரம் உள்ளிட்ட இடங்களில் கடல் உள்வாங்கியபோது, நீரின்றி வெளிப்பட்ட பாறைகளைப் பலர் வியப்போடு நோக்கினர். அது தப்பி ஓடுவதற்கான அறிகுறி என்பதைச் சொல்லும் நெறி அவர்களுக்கு வழிவழியாக வந்து சேரவில்லை.

நிலநடுக்கத்தின் மையத்திற்கு மிக அருகில் இருந்த சிமெலுவே தீவின் மக்களுக்கு அந்நெறி வந்து சேர்ந்திருந்தது. 1907ஆம் ஆண்டு அத்தீவை ஓர் ஆழிப்பேரலை தாக்கியது. உயிர்பிழைத்தோர் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டுக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் வலுவாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதே அதன் சாரம். 97 ஆண்டுகளுக்குப் பின் 2004இல் அவர்கள் அவ்வாறே ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் ஆழிப்பேரலைக்கு இரையானோர் ஒரு கைவிரல் எண்ணிக்கையைச் சற்றே கடந்தவர்தாம்.

ஸ்மோங் நெறிக்கும் எல்லை உண்டு. தமிழகக் கரையில் அன்று நில அதிர்வை உணர்ந்தோர் சிலரே. மேலும், எல்லா ஆழிப்பேரலைக்கு முன்பும் கடல் உள்வாங்குவதில்லை; சில இடங்களில் அலையே முதலில் வரும். ஆகவே பட்டறிவு நெறிக்குத் துணையாக அளவீடும் தேவைப்பட்டது. 2007ஆம் ஆண்டு ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது.

2011ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிகழ்ந்ததும் ஒப்புநோக்கத்தக்கது. நிலநடுக்கம் ஏற்பட்டதும் அங்கு இயங்கிக்கொண்டிருந்த உலைகள் நெறிப்படி நின்றன. ஆனால், ஏறத்தாழ 14 மீட்டர் உயர்ந்த அலை, அவசரகால டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்தது. நிறுத்திய உலையைக் குளிர்விக்க வழியில்லாமற்போயிற்று. முதல் நெறி காப்பாற்றப்பட்டும், இரண்டாம் நெறி அலையின் உயரத்தில் தோற்றது.

மென்பொருளில் பட்டறிவு

மென்பொருள் எழுதுவோரும் தம் துறையில் இத்தகைய நெறிகளை வகுத்துள்ளனர். அவற்றுள் ஒன்றின் விலையை நோயாளிகள் கொடுத்தனர். தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் கருவி. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்கருவியால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பெற்றனர். அவர்களுள் சிலர் இறந்தனர். இயக்குபவர் கட்டளையை விரைந்து திருத்தும்போது வெளிப்படும் பிழை மென்பொருளில் ஒளிந்திருந்தது. முந்தைய வகைக் கருவியின் மென்பொருளிலும் அத்தகைய பிழை இருந்தது. ஆனால், அதில் மின்னியல் காவல் அமைப்பு தனியாக இருந்ததால் தீங்கு நேரவில்லை. புதிய கருவியில் அக்காவலை நீக்கி, பொறுப்பு முழுவதையும் மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தனர். உயிர்காக்கும் பணியில் ஒரே காவலை நம்பக் கூடாது என்னும் நெறி, கல்பாக்கத்தின் உலைக்கும் கணினி நிரலுக்கும் பொதுவானது.

மாணவர்க்கு உடனே பயன்படுவது 'மூன்று, இரண்டு, ஒன்று' என்னும் நெறி. தேவையான கோப்புக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியும் அதன் நகலைத் தாங்கிய வன்தட்டும் ஒரே மேசையில் இருந்தால், வீட்டினுள் புகும் வெள்ளம் இரண்டையும் ஒருங்கே அழிக்கும். இந்நெறியின் எல்லையும் அறியத்தக்கது. படிகள் மூன்றும் தாமாகவே ஒத்திசையுமாறு அமைத்திருந்தால், ஒன்றில் தவறுதலாக அழித்தது மூன்றிலும் அழியும். மீட்டெடுத்துப் பார்க்காத நகலை நகல் என்று நம்புதல் கூடாது.

பணியைப் பகிர்வது பற்றியும் ஒரு நெறி உண்டு. காலம் தாழ்ந்த மென்பொருள் பணியில் புதிய ஆள்களைச் சேர்த்தால் மேலும் காலம் தாழும் என ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதினார். நால்வர் பணியாற்றும் குழுவில் ஒருவரோடொருவர் பேசவேண்டிய இணைகள் ஆறு, எண்மராயின் இருபத்தெட்டு. ஆள்கள் இருமடங்காகும்போது பேச்சு நான்கு மடங்கைத் தாண்டுகிறது. எனினும் கரைவலை இழுக்கும் பணிக்கு இந்நெறி பொருந்தாது. அங்கு ஒவ்வொரு கையும் வலுவைக் கூட்டும். பணி எத்தகையது என்பதே நெறியின் எல்லையை முடிவு செய்கிறது.

அன்றாட வாழ்வில்

மின்னல் தெரிந்த நொடியிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணி, அவ்வெண்ணை மூன்றால் வகுத்தால் மின்னல் விழுந்த தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதே இதன் காரணம். ஆயினும் தொலைவு மிகுதி எனக் கண்டு திறந்தவெளியில் நிற்றல் தவறு. பத்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மேகத்திலிருந்தும் மின்னல் தாக்கக்கூடும். இடியோசை கேட்டாலே கட்டடத்துள் செல்வதே காப்பு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர்க்கு மூன்று நொடி நெறி உதவும். முன்செல்லும் வாகனம் ஒரு மைல்கல்லைக் கடந்தபின், மூன்று நொடிகள் கழித்தே நம் வாகனம் அதனைக் கடக்க வேண்டும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் இஃது 60 மீட்டர் இடைவெளி. வேகம் கூடினால் இடைவெளியும் தானே கூடும் என்பதே இதன் சிறப்பு. ஈரச் சாலையில் மூன்றை ஆறாக்க வேண்டும்.

கடன் வாங்குவோர்க்கு 72 என்னும் எண் துணைசெய்யும். கூட்டுவட்டி வீதத்தால் 72ஐ வகுத்தால், தொகை இருமடங்காகும் காலம் கிடைக்கும். ஆண்டுக்கு 8 விழுக்காடு எனில் 9 ஆண்டுகள். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி சிறிதாகத் தோன்றும். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்தால் 36 மாதங்களில் கடன் இருமடங்காகிவிடும். வீதம் மிக உயர்ந்தால் இக்கணக்கு பிசகும். ஆண்டுக்கு 100 விழுக்காடு வட்டியில் தொகை இருமடங்காக ஓராண்டு ஆகும்; கைக்கணக்கோ ஒன்பது மாதத்திற்கும் குறைவாகக் காட்டும்.

நெறியைக் கையாளும் முறை

பட்டறிவு நெறியை ஏற்கும் முன் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இஃது ஏன் உண்மையாகிறது? எதுவரை உண்மையாகிறது? பொய்த்தால் இழப்பு எவ்வளவு? காரணத்தை மறந்த நெறி சடங்காகிவிடும். எல்லையை மறந்த நெறி தீங்கு செய்யும். இழப்பு சிறிதாயின் கைக்கணக்கே போதும்; இழப்பு உயிராயின், நெறியோடு அளவீடும் இரண்டாம் காவலும் வேண்டும்.

இன்று மேல்நிலை வகுப்புகளில் பயில்வோர் 2004க்குப் பின் பிறந்தவர்கள். கடல் உள்வாங்கியதை அவர்கள் கண்டதில்லை. கண்டவர்கள் இன்றும் சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் வாழ்கின்றனர். அவர்கள் சொல்ல இளையோர் கேட்டு, காரணத்தோடும் எல்லையோடும் அடுத்த தலைமுறைக்குச் சொன்னால், இக்கரைக்கும் ஒரு காவல் நெறி வழிவழியாக நிலைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள மூத்தோரிடம் சமையல், வேளாண்மை, மீன்பிடித்தல் அல்லது கட்டடப் பணி சார்ந்த ஐந்து பட்டறிவு நெறிகளைக் கேட்டு, அவற்றின் காரணத்தையும் எல்லையையும் அட்டவணைப்படுத்துக.
2. ஆழிப்பேரலையைக் கண்ட ஒருவரைச் சந்தித்து, அவர் கூறும் செய்திகளைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

பலவுள் தெரிக

கதிர்வீச்சு மூலத்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நின்றவர் மூன்று மீட்டர் தொலைவுக்கு விலகினால், பெறும் அளவு
அ) மூன்றில் ஒன்று ஆ) ஆறில் ஒன்று இ) ஒன்பதில் ஒன்று ஈ) பன்னிரண்டில் ஒன்று

குறுவினா

1. பட்டறிவு நெறி என்பது யாது?
2. 'மூன்றில் இரண்டு' நெறியின் பயனைக் கூறுக.

சிறுவினா

1. தெராக்-25 கருவியின் விபத்துகள் உணர்த்தும் பாடத்தை விளக்குக.
2. கரைவலைக்கும் மென்பொருள் பணிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எடுத்துரைக்க.

நெடுவினா

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது உலை காக்கப்பட்டதையும் கரைவாழ் மக்கள் உயிரிழந்ததையும் ஒப்பிட்டு, பட்டறிவு நெறிகளை வழிவழியாகப் பேணுவதன் தேவையைக் கட்டுரையாக்குக.